டிராயிங்கில் நான் முதலில் பார்க்கும் கட்டம்

"அண்ணே, நேத்து வரைக்கும் பளபளன்னு வந்துச்சு. இன்னைக்கு பாருங்க, பூனை பிறாண்டின மாதிரி இருக்கு."

இரவு ஷிஃப்ட். எங்கள் சிஎன்சி லேத்தை, அதாவது கணினி சொல்படி ஓடும் கடைசல் மெஷினை, ஓட்டும் பையன் ஒரு புஷ்ஷை, சின்ன எஃகுக் குழலை, என் உள்ளங்கையில் வைத்தான். இன்னும் சூடு ஆறவில்லை. வெளி விட்டம் 30 மில்லிமீட்டர், டாலரன்ஸ், அதாவது அளவு தவற அனுமதித்த இடைவெளி, சின்ன எச்6: 30-க்குக் கீழே மொத்தமே 13 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 13). மேற்பரப்பின் சொரசொரப்பு, நாங்கள் ஆர்ஏ என்று அளப்பது, 0.8 மைக்ரான். வேலை சிறியதுதான், ஆனால் விளையாட்டு இல்லை.

"என்ன மாத்தின?"

"ஒண்ணுமே மாத்தல அண்ணே. அதே புரோகிராம், அதே இன்செர்ட், அதே கூலண்ட்."

"ராட்?"

"அது புது ராட். ஆனா அதே எஸ்எஸ்தான்."

நான் புஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு சிப் டிரேயைப் பார்த்தேன். அடியில் நேற்றைய சீவல், காற்புள்ளி காற்புள்ளியாக உடைந்து கிடந்தது. அதன் மேலே இன்றைய சீவல், ஒரு கை நீளச் சுருள்களாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. ராடைப் பிடிக்கும் சக்கிலும் ஒரு சுருள் மாலை போலச் சுற்றியிருந்தது. அதற்கு மேல் ரஃப்னெஸ் மீட்டர் எதற்கு? எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், பல ரகம் உண்டு. நேற்று ஓடியது 303, இன்று ஏறியிருப்பது 304.

பையனைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரி மின்னும், எடை ஒன்று, காந்தம் வைத்துப் பார்த்தாலும் பெரிதாகப் பிடிக்காது. வித்தியாசம் முக்கியமாக ஒரு துளி கந்தகத்தில் இருக்கிறது. 304-இல் கந்தகம் அதிகபட்சம் 0.03 சதவீதம். 303-இல் குறைந்தபட்சமே 0.15 சதவீதம், வேண்டுமென்றே சேர்ப்பது. அந்தக் கந்தகம் மாங்கனீஸோடு சேர்ந்து, எஃகுக்குள் நுண்ணிய இழைகளாக ஊடுருவி நிற்கும். டூல் வெட்டிக்கொண்டு போகும்போது சீவல் அந்த இழைகள் இருக்கும் இடத்தில் பட்டென்று முறியும். 304-இல் முறிய இடமே இல்லை. இழுபடும், நீளும், சுருளும், திரும்பி வந்து முடித்த பரப்பையே கீறும். "பூனை பிறாண்டின மாதிரி" என்று அவன் சொன்னதில் பாதி அந்தச் சுருளின் வேலை.

மீதிப் பாதி அவன் வேலை. ஒன்றுமே மாற்றவில்லை என்றானே, அது முழு உண்மை இல்லை. முதல் புஷ் சரியில்லாமல் போனதும் ஃபீடை, அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை, 0.12 மில்லிமீட்டரிலிருந்து 0.04-க்கு இறக்கியிருக்கிறான். அப்படியும் வரவில்லை. கடைசிக் கட்டின் ஆழத்தை ஒரு பக்கத்துக்கு 0.02 மில்லிமீட்டர் ஆக்கியிருக்கிறான். பிறகு ஸ்பீடையும் குறைத்திருக்கிறான். மெதுவாக, மென்மையாக, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் ஃபினிஷ் வரும் என்று நினைப்பு. எனக்கு இந்த வேலை பழகும்போது நானும் இதையேதான் செய்தேன். ஒவ்வொரு படியிலும் அது மோசமாகும், ஏன் என்று புரியாது.

அவனை உட்கார வைத்து ஒரு இன்செர்ட்டை, டூல் முனையில் மாட்டும் வெட்டும் துண்டை, லென்ஸுக்கு அடியில் காட்டினேன். கண்ணுக்குக் கத்தி மாதிரி தெரியும் விளிம்பு, பெரிதாக்கினால் உருண்டையாக இருக்கும். பூச்சு போட்ட சாதாரண கார்பைடு இன்செர்ட்டில் அந்த உருட்டலின் ஆரம் சுமார் 20 முதல் 50 மைக்ரான். உடையாமல் இருக்க வேண்டும் என்று தயாரிக்கும்போதே அப்படி மழுக்கிவிடுகிறார்கள். இப்போது 20 மைக்ரான் ஆழத்துக்கு வெட்டச் சொன்னால் அந்த விளிம்பு என்ன செய்யும்? கத்திமுனை அங்கே இல்லை, ஒரு உருளையின் அடிப்பாகம்தான் இருக்கிறது. அது உலோகத்தை வெட்டாது, தேய்த்து அமுக்கிக்கொண்டு போகும். ஓரளவு தடிமனுக்குக் கீழே போனால் சீவலே உண்டாகாது. அந்த எல்லை மெட்டீரியலைப் பொறுத்து மாறும். விளிம்பின் ஆரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை என்று மனதில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

மற்ற பல உலோகங்களில் இப்படித் தேய்த்தால் பரப்பு மங்கும், அவ்வளவுதான். 304 பழி வாங்கும். அதன் குணம் அடிக்க அடிக்க இறுகுவது. ஒரு முறை தேய்த்தால் மேல்தோல் கெட்டிப்படும். அடுத்த பாஸ் அந்தக் கெட்டித் தோலுக்குள்ளேயே ஓடும், அது இன்னும் கெட்டிப்படும். மூன்றாவது பாஸில் இன்செர்ட் கிறீச்சிடும், மூக்கு ஓரத்தில் ஒரு பள்ளம் விழும். பையன் போட்ட புஷ்களில் ஒன்றை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தபோது, டூல் மார்க்குகளுக்கு மேலே ஒரு போலிப் பளபளப்பு தெரிந்தது. அது ஃபினிஷ் இல்லை, காயம்.

கதையின் மீதியைப் பிறகு சொல்கிறேன். அன்று இரவு அவனுக்குச் சொல்லத் தொடங்கியது எங்கெங்கோ போனது. அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன்.

கணக்கில் ஃபினிஷ் ரொம்ப எளிது. ஃபீடை அதாலேயே பெருக்கி, மூக்கு ஆரத்தின் (மேலிருந்து பார்த்தால் தெரியும் டூல் நுனி வளைவின் ஆரம்) எட்டு மடங்கால் வகுத்தால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயரம் வரும். மூக்கு 0.8, ஃபீடு 0.2 என்றால் 6.25 மைக்ரான். ஃபீடை 0.1 ஆக்கினால் நாலில் ஒரு பங்காகி 1.56 மைக்ரான். ஆர்ஏ வேண்டுமென்றால் எட்டுக்குப் பதில் 32-ஆல் வகுக்கலாம், கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். இந்தக் கணக்கில் மெட்டீரியல் எங்கேயாவது வருகிறதா? வரவில்லை. மெழுகுக்கும் டைட்டானியத்துக்கும் ஒரே விடைதான். டூலின் வடிவம் அப்படியே அச்சு விழுந்தால் எப்படி இருக்கும் என்று மட்டுமே அது சொல்கிறது. அச்சு விழுமா, கிழியுமா என்பது உலோகத்தின் விருப்பம்.

அதனால்தான் டிராயிங் கைக்கு வந்ததும் என் கண் அளவுக்குப் போகாது. மெட்டீரியல் எழுதியிருக்கும் கட்டத்துக்குப் போகும். அதைப் பார்த்த பிறகுதான் அந்த 13 மைக்ரானைப் பார்த்துப் பயப்படலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பேன்.

புதிதாக வருகிற எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கும்: கடினமானது கஷ்டம், மிருதுவானது சுலபம். டூல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு அது ஓரளவு சரி. ஃபினிஷுக்குப் பெரும்பாலும் தலைகீழ். 60 ஆர்சி கடினத்துக்கு ஹார்டன் செய்த பேரிங் எஃகை சிபிஎன் (போரான் நைட்ரைடு) இன்செர்ட்டால் கடைந்தால், கிரைண்டிங் செய்தது போல ஆர்ஏ 0.3, 0.4 சாதாரணமாக வரும். கார்பன் குறைந்த சாதாரண எம்எஸ்ஸை (மைல்டு ஸ்டீலை) எடுத்துக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், பரப்பு கம்பளி மாதிரி வரும். மிருதுவான இரும்பு சுத்தமாக அறுபடாமல் பிய்கிறது. பிய்ந்ததில் ஒரு துணுக்கு டூல் முனையில் ஒட்டிக்கொள்கிறது, அதன்மேல் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் வெட்டுவது கார்பைடு இல்லை, அதன்மேல் குவிந்த இரும்புக் கட்டி. அது வளர்ந்து உடையும்போது ஒரு பாதி சீவலோடு போகும், மறுபாதி ஜாபில், அதாவது வெட்டுகிற பொருளில், அப்பிக்கொள்ளும். விரலால் தடவினால் சொரசொரவென்று ஒரு திசையில் மட்டும் தட்டும்.

இதற்கு மருந்து பயப்படாமல் ஸ்பீடை ஏற்றுவது. வெட்டும் இடம் சூடானால் ஒட்டுவது நின்றுவிடும். நிமிடத்துக்கு 40 மீட்டரில் கம்பளியாக வந்த அதே ராட் 180 மீட்டரில் சுத்தமாக வருவதைக் கண்ணால் பார்க்கும் வரை யாரும் நம்புவதில்லை. இன்னொரு வழி வாங்கும்போதே இருக்கிறது. ஹாட் ரோல்டு ராடை விட, குளிர் நிலையில் இழுத்த பிரைட் பார் இந்த வகை எம்எஸ்ஸில் நல்ல ஃபினிஷ் தரும். இழுத்ததில் கொஞ்சம் இறுகி, பிய்யும் குணம் குறைந்திருக்கும். அதே இறுக்கம் வேறு இடத்தில் காலை வாரும், அதைக் கீழே சொல்கிறேன்.

அலுமினியத்திலும் இதே கதை. சூடேற்றி வலுவாக்கிய 6061 டி6 ரகம் அழகாக வெட்டுப்படும். அதையே அனீல் செய்த, அதாவது சூடாக்கி மிருதுவாக்கிய, நிலையில் கொடுத்தால் பசை. அலுமினியத்துக்கு ஒட்டும் ஆசை இன்னும் அதிகம், அதனால் இன்செர்ட்டின் பூச்சைக்கூடப் பார்க்க வேண்டும். எஃகுக்கு நன்றாக உழைக்கும் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சு இங்கே வேண்டாம். பூச்சிலேயே அலுமினியம் இருக்கிறது, சொந்தக்காரனைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளும். பூச்சில்லாத, பாலிஷ் செய்த, கூர்மையான இன்செர்ட் போதும். பெரிய எண்ணிக்கை என்றால் வைரம். அலுமினியத்தையும் செம்பையும் ஒற்றைப் படிக வைர டூலால் கடைந்து, பாலிஷே போடாமல் நேரடியாக ஒளியியல் கண்ணாடிகள் செய்கிறார்கள். அதே வைரத்தை எஃகில் வைத்தால் கதை முடிந்தது. வைரம் வெறும் கார்பன்தான். வெட்டும் சூட்டில் இரும்பு அந்தக் கார்பனைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், உலகத்திலேயே கடினமான பொருள் கரைந்து தேயும். முதல் முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

பித்தளையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஈயம் சேர்த்த பித்தளை ஓடும் நாள் எங்களுக்கு விடுமுறை மாதிரி. சீவல் மணல் போலக் கொட்டும், கணக்கு என்ன சொல்கிறதோ அதை ஏறக்குறைய மீட்டரும் சொல்லும். கவனமாக இருக்க வேண்டியது டிரில்லில் மட்டும். எஃகுக்குத் தீட்டிய டிரில்லை அப்படியே விட்டால் பித்தளை அதைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும், ஜாபைச் சக்கிலிருந்து பிடுங்கியதும் உண்டு. வெட்டும் உதட்டைக் கல்லில் லேசாகத் தட்டையாக்கிவிட்டால் அடங்கிவிடும். இப்போது ஈயமில்லாத பித்தளை வருகிறது. உடம்புக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மணல் சீவல் போய்விட்டது.

வார்ப்பிரும்பு தனிப் பிறவி. உள்ளே தகடு தகடாகக் கிராஃபைட், அதனால் சீவல் பொடியாகும், மூக்கெல்லாம் கறுப்பாகும், அதிர்வையும் அதுவே விழுங்கிக்கொள்ளும். கூலண்ட் இல்லாமலே ஓட்டலாம். மேல்தோலில் மணலும் கெட்டித் திட்டுகளும் இருக்கும் என்பதால் முதல் கட்டு தோலுக்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும். மேலோட்டமாகச் சுரண்டினால் இன்செர்ட் போகும். ஃபினிஷுக்கு ஒரு உச்சவரம்பும் உண்டு. கிராஃபைட் பிய்ந்துவரும் இடமெல்லாம் ஒரு குழி. எவ்வளவு நல்ல டூல் போட்டாலும் அந்தக் குழிகள் அங்கேயே இருக்கும்.

இனி சூடு. என் வேலை வாழ்க்கையில் அதிகமாக அவமானப்பட்டது இதனால்தான்.

ஒரு அலுமினிய ஹவுசிங், போர் (உள்துளை) 120 மில்லிமீட்டர், டாலரன்ஸ் எச்7. பூஜ்யத்திலிருந்து கூட்டல் 35 மைக்ரான் வரை. 14 பீஸ். ஒவ்வொன்றையும் மெஷினிலேயே போர் கேஜ் வைத்துப் பார்த்து, எல்லாம் கூட்டல் 17-க்குப் பக்கத்தில், நட்ட நடுவில் வைத்தேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மறுநாள் காலை இன்ஸ்பெக்‌ஷனில் 14-உம் அண்டர்சைஸ். ஒன்றுகூடத் தப்பவில்லை.

நடந்தது இதுதான். ரஃபிங் (முதல் முரட்டு வெட்டு) முடித்த கையோடு ஃபினிஷிங் எடுத்ததில் ஹவுசிங் 32 டிகிரியில் இருந்தது. கேஜை செட் செய்த எஃகு ரிங், ஏசி அறையிலிருந்து அப்போதுதான் வந்தது, 20 டிகிரி. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் நீளும். 120 மில்லிமீட்டருக்கு 12 டிகிரி என்றால் 33 மைக்ரான். மொத்த டாலரன்ஸே 35. கூட்டல் 17 என்று நான் பார்த்தது, ஆறியபின் கழித்தல் 16.

"அப்ப ரிங்கையும் மெஷின் பக்கத்துலயே வச்சிருந்தா சரியா வந்திருக்குமா அண்ணே?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. பாதிதான் சரியாகும். எஃகு நீள்வது சுமார் 11.5, அலுமினியத்தில் பாதி. இரண்டும் 32 டிகிரியில் இருந்தாலும் 16 மைக்ரானுக்கு மேல் வித்தியாசம் மிச்சம் இருக்கும். இரண்டையும் 20 டிகிரிக்குக் கொண்டுவருவதுதான் ஒரே நேர்மையான வழி. அளவுகளுக்கெல்லாம் 20 டிகிரிதான் அடிப்படை என்று 1931-லேயே சர்வதேச அளவில் முடிவாகிவிட்டது. எனக்குத்தான் அன்று காலை வரை உறைக்கவில்லை. போர் சின்னதாகிப் போனதால் திரும்பக் கட்டிப் பெரிதாக்க முடிந்தது. இதுவே வெளி விட்டமாக இருந்திருந்தால் 14-உம் குப்பை.

நீளவே நீளாத உலோகமும் இருக்கிறது. 36 சதவீதம் நிக்கல் கலந்த இன்வார், ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஒரு மைக்ரானை ஒட்டித்தான் நகரும். கண்டுபிடித்த சார்ல் எடுவார் கியோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கடைந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதைக் கண்டுபிடித்தவருக்கு மட்டுமல்ல, வெட்டுகிறவனுக்கும் ஏதாவது கொடுத்திருக்கலாம். அப்படியொரு பசை.

சூடு எவ்வளவு என்பதைவிட எங்கே போகிறது என்பது டூலுக்கு முக்கியம். வெப்பம் கடத்தும் திறனை எண்ணாகப் பார்த்தால் 6061 அலுமினியம் சுமார் 167, சாதாரண எஃகு 50, எஸ்எஸ் 304 சுமார் 16, டைட்டானியம் கிரேடு 5 வெறும் 7. டைட்டானியத்தில் உண்டாகிற சூடு சீவலோடும் போகாது, ஜாபுக்குள்ளும் இறங்காது. டூல் முனையிலேயே குடியிருக்கும். அதனால்தான் அலுமினியத்தை எத்தனையோ நூறு மீட்டரில் ஓட்டுகிற நாம், டைட்டானியத்தில் 50, 60 மீட்டரோடு கையைக் கட்டிக்கொள்கிறோம். டைட்டானியத்தின் மெல்லிய சீவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கென்று உள்ள பொடியோ உலர்ந்த மணலோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் எளிது என்று நினைப்பவர்களுக்கு டெஃப்லான் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 19 டிகிரியில் அதன் படிக அமைப்பே மாறும், கன அளவு 1 சதவீதத்துக்கும் மேல் கூடும். எல்லாரும் அளக்கிற 20 டிகிரிக்கு ஒரே ஒரு படி கீழே! 18 டிகிரி அறையில் பாஸான 50 மில்லிமீட்டர் வளையம், 23 டிகிரி அறையில் பத்திலொரு மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டி நம்மைப் பொய்யனாக்கும். நைலான் வேறு ரகம், காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து ஊதும். அதில் மைக்ரான் டாலரன்ஸ் போட்டு அனுப்புகிற டிசைனரை நேரில் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை.

மணி இரண்டாகிவிட்டது. பையன் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். சொல்வதை விடக் காட்டுவது மேல் என்று, சுவர் 3 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள ஒரு பழைய எஃகு வளையத்தை எடுத்து மூன்று தாடைச் சக்கில் இறுக்கினேன். உள்ளே ஒரு கட்டு. டயல் வைத்துச் சுற்றினேன், முள் அசையவில்லை, வட்டம் சுத்தம். சக்கைத் தளர்த்தி, கழற்றாமல் அப்படியே இருக்கவிட்டு மறுபடி டயல் வைத்தேன். ஒரு சுற்றுக்கு மூன்று தடவை முள் ஏறி இறங்கியது. இறுக்கும்போது தாடை அமுக்கிய மூன்று இடம் உள்ளே போயிருந்தது. அந்த நிலையில் நான் வட்டமாக வெட்டினேன். விட்டதும் உலோகம் தன் இடத்துக்குத் திரும்பியது, வட்டம் முக்கோணமானது.

"இப்ப மைக்ரோமீட்டர் மாதிரி ரெண்டு முனை வச்சு அளந்து பாரு" என்றேன். அளந்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே அளவு. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். மூன்று மேடு இருந்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் நேர் எதிரே ஒரு பள்ளம் இருக்கும். இரண்டு புள்ளியில் அளக்கிற கருவிக்கு இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும். மூன்று புள்ளி போர் கேஜோ வி பிளாக்கோ டயலோ வைத்தால்தான் குட்டு வெளிப்படும்.

இது எவ்வளவு வளையும் என்பது மெட்டீரியலின் விறைப்பைப் பொறுத்தது. எஃகு 200 ஜிகாபாஸ்கல், டைட்டானியம் 114, அலுமினியம் 70. இந்த எண்ணில் ஹார்டன் செய்வதால் பெரிதாக எந்த மாற்றமும் வராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கெட்டியாக்கிய எஃகும் மிருதுவான எஃகும் ஒரே விசைக்கு ஒரே அளவுதான் வளையும். டைட்டானியத்தை வலிமையானது என்று சொல்வது உண்மை, ஆனால் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வளையும். டூல் தள்ளினால் ஒதுங்கிக்கொள்ளும், டூல் போனதும் திரும்பி வந்து டூலின் முதுகில் உரசும். நீளமான மெல்லிய டைட்டானியப் பின்னில் நடுவில் மட்டும் விட்டம் அதிகமாக வருவதும், பரப்பு மங்குவதும் இதனால்.

மேலே சொல்கிறேன் என்று விட்ட பிரைட் பார் விஷயம். குளிர் நிலையில் இழுத்த ராடின் தோலுக்கும் உள்ளுக்கும் நடுவே ஓயாத இழுபறி. முழு ராடாக இருக்கும்வரை இரண்டும் சமநிலையில் நிற்கும். நீளவாக்கில் ஒரு சாவிப்பள்ளம் எடுத்தோம் என்றால் ஒரு பக்கம் கயிறு அறுந்த மாதிரி. கண் முன்னாலேயே ஷாஃப்ட் வில்லாக வளையும். இதைப் புரிந்துகொள்ளாமல் நானும் ஒரு காலத்தில் கட்டரை மாற்றினேன், வைஸை மாற்றினேன், மெஷினைத் திட்டினேன். இப்போது முதலில் பள்ளம், பிறகு நேராக்கல், கடைசியில்தான் விட்டத்தின் ஃபினிஷ். அலுமினியத் தகட்டில் டி6-க்குப் பதில் டி651 என்று இருந்தால், தயாரித்த இடத்திலேயே ஓரளவு இழுத்து அந்த இழுபறியைத் தணித்திருக்கிறார்கள் என்று பொருள். கடைசியில் கூடிய அந்த 51 எங்கள் வேலையில் ஒரு நாளை மிச்சம் பிடிக்கும். அப்படியும் நான் இரண்டு பக்கமும் ரஃபிங் எடுத்து, கிளாம்பை விட்டு, ஒரு இரவு சும்மா கிடக்கவிட்டுத்தான் ஃபினிஷுக்குப் போவேன்.

ஆர்ஏ பற்றி ஒரு சின்னப் புலம்பல். அது வெறும் சராசரி. மேடு குத்திக்கொண்டு நிற்கும் பரப்பும், மட்டமாக இருந்து அங்கங்கே பள்ளம் உள்ள பரப்பும் ஒரே எண் காட்டலாம். முதலாவது சீலைத் தின்னும், இரண்டாவது எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓடும். 304 கிழிந்து வந்த பரப்பு முதல் வகை. சிலநேரம் மீட்டர் பாஸ் என்று சொன்னதை என் நகம் ஃபெயில் என்று சொல்லும். ஷாஃப்ட்டில் எண்ணெய் சீல் உட்காரும் இடத்தில் கடைசல் மார்க் மெல்லிய மரையாக ஓடினால், ஆர்ஏ எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த மரையே எண்ணெயை வெளியே இறைத்துக் கொட்டும். அதனால்தான் அந்த இடத்தை டூலால் முடிக்காமல், சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேரே இறக்கிக் கிரைண்ட் செய்யச் சொல்கிறார்கள்.

சரி, புஷ்.

இன்செர்ட்டை மாற்றினோம். எஸ்எஸ்ஸுக்கென்று உள்ள கூர்மையான விளிம்பு, மெல்லிய பூச்சு, சீவலை ஒடிக்கும் பள்ளம் போட்டது. மூக்கு அதே 0.8. ஸ்பீடு அவன் 90-க்கு இறக்கி வைத்திருந்தான், 140-க்கு ஏற்றினேன். ஃபீடு 0.1. ஃபினிஷிங் கட்டுக்கு ஒரு பக்கம் 0.3 மிச்சம் வைத்தேன், ஒரே பாஸ், நடுவில் எங்கேயும் நிற்கக் கூடாது. கெட்டிப்பட்ட தோல் எவ்வளவு ஆழம் இருந்தாலும் டூல் அதற்குக் கீழே ஓடட்டும் என்பதுதான் அந்த 0.3. கூலண்ட் முனையை நேராக வெட்டும் இடத்துக்குத் திருப்பினேன்.

"0.3-ஆ? கடைசி கட்டுல?" என்றான்.

"போடு."

போட்டான். முதல் பீஸ் ஆர்ஏ 0.6. கணக்கு 0.4 சொல்லியிருந்தது, மீதி 0.2 304-இன் பங்கு. சீவல் இன்னும் 303 மாதிரி பொடிப்பொடியாக வரவில்லை. ஆனால் சின்ன வளையங்களாக ஒடிந்து விழுந்தது, சக்கில் சுற்றவில்லை. விட்டம் ஆறும் வரை எஃகு பிளேட் மேல் வைத்துக் காத்திருந்து அளந்தோம். கழித்தல் 6 மைக்ரான், அந்த 13-க்குள்.

அவன் முன்பு தேய்த்துக் கெடுத்து வைத்திருந்த புஷ்களில் இரண்டில் இன்னும் சைஸ் மிச்சம் இருந்தது. காப்பாற்றலாமா என்று பார்த்தேன். ஒரு பக்கம் 0.04 மட்டும்தான் மிச்சம். அதை எடுக்கப் போனால் மறுபடி அதே கெட்டித் தோலுக்குள் தேய்க்க வேண்டும். எமரி போடலாம் என்றான். ஆர்ஏ வந்துவிடும், வட்டம் போய்விடும். இரண்டையும் ஸ்கிராப் டப்பாவில் போட்டான், போடும் முன் இரண்டின் முகத்திலும் மார்க்கரால் 304 என்று எழுதினான்.

காலையில் டிசைன் ஆளிடம் கேட்டுப் பார்த்தேன், டிராயிங்கில் 304 என்று இருப்பதை 303-ஆக மாற்றினால் என்ன என்று. ஒரு முனையில் வெல்டிங் வருகிறதாம், கந்தகம் இருந்தால் விரிசல் விடும், போகிற இடம் உப்புக் காற்று வேறு. அப்படியானால் நேற்று வரை 303-இல் ஓடிய பீஸ்களின் கதி என்ன என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு தட்டு நிறைய, பளபளவென்று, எல்லாம் சைஸில், ஸ்டோரில் உட்கார்ந்திருக்கின்றன.